ஞாயிற்றுக்கிழமை எடுக்காத படங்கள்

வேலை நேரத்தில் காட்டுக்குள் கேமராவோ செல்போனோ கொண்டுவரக் கூடாது என்று காலையில் வேலைக்குப் பேர் பதியும் மஸ்டர் ஷெட்டில் நோட்டீஸ் ஒட்டிய மறுநாள்தான் நான் முதல்முறையாகக் கேமராவைக் கொண்டுபோனேன். முந்தின நாள் வரை அந்த எண்ணமே எனக்கு இல்லை. கூடாது என்று யாராவது எழுதி ஒட்டினால் எனக்குக் கை துறுதுறுக்கும். இந்தக் குணத்துக்காக என் அம்மா என்னை அடிக்காத நாளில்லை. ஒன்றும் மாறவில்லை.

காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. தேயிலைத் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துண்டையும் நாங்கள் காடு என்போம். தேவிகுளத்துக்குக் கீழே எங்கள் டிவிஷனில் இருபத்திரண்டு காடுகள். பத்தொன்பது வருஷமாக அங்கே கொழுந்து எடுக்கிறேன். பெயர் முருகேஸ்வரி. மஸ்டர் நோட்டில் வெறும் முருகேசு.

நோட்டீஸ் வந்த கதை சின்னது. மழையில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக் கூரை ஒழுகுவதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். கூரையைச் சரிசெய்வதைவிட நோட்டீஸ் ஒட்டுவது சுலபம் அல்லவா? மீறினால் வேலை போகும் என்று கடைசி வரி சொன்னது. வேலை போனால் லயத்து வீடும் போகும் என்பதை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை, எங்கள் பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும்.

கேமரா எப்படி வந்தது என்றால், என் வீட்டுக்காரர் சின்னமுத்து டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். ஒருநாள் ஒரு பெங்களூர்க்காரர் அருவியில் கேமராவைத் தவறவிட்டு, அது செத்துவிட்டது என்று முடிவுகட்டி, இவரிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை அரிசி டின்னுக்குள் புதைத்து அடுப்புப் பக்கத்தில் ஒன்பது நாள் வைத்தேன். பத்தாம் நாள் உயிர் வந்தது. லென்ஸின் ஓரத்தில் மட்டும் பூஞ்சை பிடித்து ஒரு மூலை எப்போதும் கொஞ்சம் மங்கலாக விழும். எனக்கு அது போதும்.

வெளியூரிலிருந்து பறவை பிடிக்க, அதாவது படம் பிடிக்க, நிறையப் பேர் வருகிறார்கள். என் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருப்பார்கள். இரண்டு நாள் இருப்பார்கள், வந்தது வரவு என்று போய்விடுவார்கள். அவர்களிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. ரவுண்டு. ஒரு காட்டில் கொழுந்து எடுத்துவிட்டுப் போனால், அது மறுபடி துளிர்த்து வரப் பதினைந்து நாள் ஆகும். அப்போது அதே காட்டுக்கு அதே வரிசையில் திரும்பி வருவோம். பத்தொன்பது வருஷமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே பாறையின் முன்னால் நின்றிருக்கிறேன். எந்தக் கிளையில் எது எப்போது வந்து உட்காரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பாறை பதினாலாம் நம்பர் காட்டில், ஓடைக்கரையில் இருக்கிறது. மத்தியானம் அதன்மேல் தூக்குவாளிகளை வைத்துச் சாப்பிடுவதால் அதற்குச் சோத்துப்பாறை என்று பெயர். சுற்றிலும் தேயிலைச் செடி நெஞ்சு உயரத்துக்கு நிற்கும், பாறையின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். சாப்பாட்டு மணி அடித்ததும் மற்றவர்கள் கை கழுவ ஓடைக்குப் போவார்கள். நான் சோற்றுப் பையில் தூக்குக்கு அடியில் சுற்றி வைத்த கேமராவை எடுப்பேன்.

முதல் படம் போன வருஷம் அக்டோபரில். வாலாட்டிக் குருவி வந்திருந்தது. மஞ்சள் வயிறு, சாம்பல் முதுகு. இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறதாம், சின்னமுத்து டூரிஸ்டுகளிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவ்வளவு தூரம் பறந்து வந்த பறவை ஒரு விநாடி சும்மா நிற்கக் கூடாதா? வாலை ஆட்டாமல் இருக்க அதற்குத் தெரியாது. இரண்டு ரவுண்டு வால் கலங்கலாகவே விழுந்தது. மாதக் கடைசியில்தான் ஒரு பூச்சியைப் பார்த்துத் திகைத்து நின்றது. பிடித்துவிட்டேன்.

இரண்டாவது, ஜனவரி. இதை மட்டும் சாப்பாட்டு மணிக்குக் காத்திராமல் காலையிலேயே எடுத்தேன். இங்கே ஜனவரி காலையில் புல் உறைந்து வெள்ளையாக நொறுங்கும். பாறை முழுக்க உப்புக் கொட்டியது மாதிரி பனி. அதன் நடுவில் கறுப்புப் புதர்ச்சிட்டு ஒன்று உடம்பை உப்பிப் பந்தாக உட்கார்ந்திருந்தது. என் விரல் மரத்துப்போய் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கட்டைவிரலால் குத்துமதிப்பாக அமுக்கினேன்.

மூன்றாவது, ஏப்ரல். மேலே ரோட்டோரத்து ஜகரண்டா மரம் ஊதாப் பூவை உதிர்த்துப் பாறையை மூடியிருந்தது. பெண் புதர்ச்சிட்டு வாயில் புழுவோடு நின்று, நான் போகிறேனா இல்லையா என்று பார்த்தது. கூடு எங்கே என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. கூட்டைப் படம் எடுக்க இலையை விலக்கினால் காக்கை பார்த்துவிடும்.

நான்காவது, ஜூலை. கொட்டுகிற மழை. ஜூனில் அந்தக் காட்டுக்குக் கவாத்து முடிந்திருந்தது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளுவார்கள், பச்சையே இருக்காது, குச்சி குச்சியாக நிற்கும். அங்கே கொழுந்து வேலை கிடையாது. களை எடுக்க ஆள் கேட்டபோது நானாகப் போய்ப் பெயர் கொடுத்தேன், சாந்தம்மாளையும் இழுத்துக்கொண்டேன். மழைக்காலத்தில்தான் எங்கள் விசில்காரன் வரும். புத்தகத்தில் அதற்குச் சீகாரப் பூங்குருவி என்று பெயர். வேலையில்லாத பையன் ரோட்டில் நடந்தபடி விசில் அடிப்பது போலவே பாடும். அரிசிப் பையைக் கிழித்துக் கேமராவுக்கு மாட்டி, முக்கால் மணி நேரம் நனைந்தேன். தோளில் அந்த நீலம் மின்னும்போது பிடித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

என்னிடம் ஒரே ஒரு மெமரி கார்டுதான். நல்ல படத்தை மூணாறில் ஒரு ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுவிட்டு, கார்டை அழித்துவிடுவேன். கையில் பிரிண்ட் இருக்கிறதே, அதுதானே படம்? அப்படித்தான் நினைத்திருந்தேன்.

செப்டம்பரில் சின்னமுத்து ஜீப் ஸ்டாண்டிலிருந்து ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். வனவிலங்கு வாரத்துக்குப் பறவைச் சங்கம் ஒன்று தேவிகுளத்தில் போட்டோ போட்டி வைக்கிறது. அதில் ஒரு பிரிவு, 'ஒரே இடம், நான்கு பருவம்'.

"ஏ புள்ள, இது ஒனக்குன்னே வச்ச மாதிரி இருக்கு. பெரிய ஆளுக எல்லாம் வாராகளாம். குடுத்துப் பாரேன்" என்றார் சிரித்துக்கொண்டே.

பாரத்தில் 'எடுத்த இடம்' என்று ஒரு கட்டம் இருந்தது. பதினாலாம் நம்பர் என்று எழுதினால் தோட்டத்துக்குத் தெரிந்துவிடும். 'ஓடைக்கரைப் பாறை, தேவிகுளம்' என்று மட்டும் எழுதினேன். அப்போது பெரிய கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டி நாளன்று ஹாலை நிரப்ப ஆள் வேண்டும் என்று தோட்டத்திலிருந்து எங்களில் முப்பது பேரை அனுப்பினார்கள். டீயும் முட்டை பப்ஸும் உண்டு. சாந்தம்மாள் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது பப்ஸைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டிருந்தாள். சின்னமுத்து வாசலில் நின்றார். மேடையில் எங்கள் அசிஸ்டென்ட் மேனேஜர் ஜிபின் சார் விருந்தாளியாக உட்கார்ந்திருந்தார். கோட்டயம்காரர், சின்ன வயசு. படங்களை எல்லாம் மேடை ஓரப் பலகைகளில் குத்தி, கீழே பெயர்ச்சீட்டு வைத்திருந்தார்கள். என் நாலு படத்துக்குக் கீழே இருந்த சீட்டு மட்டும் குப்புறத் திருப்பப்பட்டிருந்தது.

நடுவராக வந்தவர் கோயம்புத்தூர் ஆர்த்தி மேடம். பறவைப் படம் எடுப்பதில் பேர் பெற்றவர். மைக்கைப் பிடித்தார்.

"நாலு பருவப் பிரிவுல வந்த ஒரு என்ட்ரி பத்திச் சொல்லியே ஆகணுங்க. படங்க அழகா இருக்குது. ஆனா நாலும் ஒரே இடம் இல்லை. மழை பெய்யற படத்துல செடியெல்லாம் மொட்டைக் குச்சியா நிக்குது. மழையில எந்தச் செடியாச்சும் காயுமா? பாறையும் வேற, ரொம்பப் பெரிசு. எங்கெங்கயோ யார் யாரோ எடுத்ததைச் சேர்த்து அனுப்பியிருக்காங்க. இது திருட்டுத்தான். பேரைச் சொல்லி அசிங்கப்படுத்த வேண்டாம்னு விடறேன்."

பெயரைச் சொல்லாமல் விட்டது பெருந்தன்மையாம். எனக்கு உச்சந்தலை சூடானது. மழையில் முக்கால் மணி நேரம் நின்றவளைத் திருடி என்கிறார், அதையும் பரிதாபப்பட்டுச் சொல்கிறார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது, பப்ஸைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். நான் எழுந்து நின்றேன்.

"பேரச் சொல்லுங்க மேடம். முருகேஸ்வரி. அது எம் படம்."

முப்பது பேரும் திரும்பினார்கள். வாசலில் சின்னமுத்து தலையை வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். நான் நடுவழியாக நடந்து மேடைக்கே போய்விட்டேன்.

"அது காய்ஞ்ச செடி இல்ல மேடம். கவாத்து வெட்டுன செடி. நாலு வருசத்துக்கு ஒருக்கா வெட்டுவாக. செடி ஒசரமா நிக்கையில பாறைக்குத் தலைதான் தெரியும். வெட்டுன பெறகு வயிறு, காலு எல்லாம் தெரியும். அதான் பெரிசா இருக்கு. பாறை அதே பாறைதான்."

ஆர்த்தி மேடம் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "ஒரிஜினல் ஃபைல் இருக்குதாங்க? அதுல தேதி, நேரம் எல்லாம் இருக்கும்."

"அழிச்சிட்டேன்."

"அழிச்சிட்டீங்களா? சரி, இது எந்த இடம்? ஃபாரத்துல பேரே இல்லையே. போய்ப் பார்த்தா நானே தெரிஞ்சுக்குவேன்."

அங்கேதான் மாட்டினேன். ஒளித்து எழுதியவள் நான்தான். வாயைத் திறந்து பதினாலாம் நம்பர் என்றால் வேலை, வீடு இரண்டும் ஆட்டம் காணும். திறக்காவிட்டால் இந்த ஹாலை விட்டுத் திருடியாக இறங்க வேண்டும். நாளைக்கு ஜீப் ஸ்டாண்டில், ரேஷன் கடையில், என் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் எல்லாம் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் நிற்கும்.

ஜிபின் சாரைப் பார்த்தேன். அவர் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். ஜூனில் கவாத்து நடந்தபோது குடையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாறைமேல்தான் பத்து நாளும் நின்றார். படங்களைப் பார்த்த நிமிஷமே அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்துதான் பேசாமல் இருக்கிறார். என்னைக் காப்பாற்றப் பேசாமல் இருக்கிறாரா, தன்னைக் காப்பாற்றவா என்று எனக்குத் தெரியவில்லை.

"சார், நீங்க சொல்லுங்க. அது எந்த எடம்?"

ஜிபின் சார் எழுந்து பலகை அருகே வந்தார். நாலு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மைக்குக்கு எட்டாத குரலில் என்னிடம் கேட்டார்.

"சேச்சி, இது ஞாயிற்றுக்கிழமை எடுத்ததல்லே?"

அது கேள்வி இல்லை, எனக்குத் திறந்துவிட்ட கதவு. ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு ஓடைக்கரையில் நின்று படம் எடுத்தால் எந்த நோட்டீஸும் ஒன்றும் செய்யாது. ஆமாம் சார் என்று இரண்டு வார்த்தை. அவரும் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். நாக்கு நுனிவரை வந்தது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் நான் பொய்க்காரி இல்லை என்று காட்ட ஒரு பொய்யா சொல்வது? அதற்குத் திருடி என்றே இருந்துவிட்டுப் போகலாமே.

"இல்ல சார்" என்றேன். மைக் பக்கத்தில் இருந்ததால் ஹால் முழுக்கக் கேட்டது. "நாலும் வேல நேரத்துல எடுத்தது. பதினாலாம் நம்பர் காட்டுல. நோட்டீஸ் ஒட்டுன பெறகுதான் எடுத்தேன், தெரிஞ்சேதான் எடுத்தேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. வாசலில் சின்னமுத்து தலையில் கைவைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல். சாந்தம்மாள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள், சேலைத் தலைப்பில் பப்ஸ் ஆடியது. நேராக ஏப்ரல் படத்துக்குப் போய் அதன் ஓரத்தில் விரலை வைத்தாள். பூஞ்சை பிடித்த மங்கலான மூலையில் சிவப்பாக ஏதோ ஒன்று. ஆறு மாதமாக அதைப் பூ என்றே நினைத்திருந்தேன்.

"இது எந் தூக்கு மூடி! சிவப்பு மூடி எனக்கு மட்டுந்தான் உண்டு. அன்னிக்கு இவ குருவி குருவின்னு என்னை மூடிய எடுக்க விடல சார். மழைக்கும் நாந்தான் கூட நின்னேன். எனக்கும் ஒரு மெமோ எழுதிக்கிடுங்க."

"நாங்களும் பாத்தோம் சார்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பிறகு இன்னொருத்தி. பிறகு யார் சொன்னது என்றே தெரியவில்லை. ஒரு வருஷமாக முப்பது பேரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறார்கள். நான் ஏதோ யாருக்கும் தெரியாமல் ஒளித்து எடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜிபின் சார் மைக்கை வாங்கினார். "பதினாலாம் நம்பர். நாலும் ஒரே பாறை. ஜூன்ல கவாத்து எடுத்தப்போ ஞான் அதுமேல நின்னிட்டுண்டு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். டீ கிளாஸை மறுபடி கையில் எடுத்தார்.

ஆர்த்தி மேடம் படங்களுக்குக் கிட்டத்தில் வந்து குனிந்தார். பாறையின் உச்சியில் ஒரு வெடிப்பு உண்டு, நாங்கள் அதில் ஊறுகாய் பொட்டலத்தைச் செருகி வைப்போம். நாலு படத்திலும் அந்த வெடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குப்புறக் கிடந்த சீட்டைத் திருப்பி வைத்துவிட்டு மைக்குக்கு வந்தார்.

"செடியைப் பத்தித் தெரியாம நான் பேசிட்டேனுங்க. திருட்டுன்னு சொன்னது என் தப்பு. இந்தப் படங்களை எடுத்தது முருகேஸ்வரி. முதல் பரிசு அவங்களுக்குத்தான்."

ஒரு சர்ட்டிபிகேட்டும் பைனாகுலரும் கொடுத்தார்கள். முழுப் பெயரும் எழுதியிருந்தது.

திரும்பும்போது ஜீப்பில் சின்னமுத்து வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தார். லயத்துக்கு வந்து இறங்கியதும் வெடித்தார்.

"ஞாயித்துக்கெழமைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயா வெந்துரும்? வீட்டக் காலி பண்ணச் சொன்னா அந்த வாலாட்டியா வந்து மூட்டை தூக்கும்?"

"வெந்துரும்" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். பிறகு பைனாகுலரை வாங்கி எதிர்ப்பக்கத்து மலையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. தைரியசாலி மாதிரி பேசிவிட்டு வந்தாலும் பயம் பயம்தான். மூன்றாம் நாள் காலை மஸ்டரில் ஜிபின் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் ஒரு மெமோ.

"மூணு நாள் சஸ்பென்ஷன். பெரிய மேனேஜர் வேலையிலேர்ந்தே எடுக்கணும்னுதான் பறஞ்சது. ஃபர்ஸ்ட் டைம்னு ஞான் ரிப்போர்ட்டில் எழுதி."

"ஃபர்ஸ்ட் டைம் இல்லியே சார். வருசம் முழுக்க எடுத்திருக்கேன்."

"போதும் சேச்சி. ஒப்பு போடுங்க."

கையெழுத்துப் போட்டேன். முருகேசு என்று இல்லை, முழுப் பெயரும். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

சஸ்பென்ஷன் என்றால் வீட்டில் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று நோட்டீஸில் எங்கேயும் எழுதவில்லை. வேலை நேரத்தில் வேலைக்காரர்கள் கேமரா கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு மூன்று நாளைக்கு வேலையும் இல்லை, நேரமும் இல்லை. கேமராவைக் கழுத்தில் வெளிப்படையாக மாட்டிக்கொண்டு, மாரியம்மன் கோயிலுக்குப் போகிற ஓடைக்கரைப் பாதையில் நடந்தேன். அது எல்லாரும் நடக்கிற வழி. சின்னமுத்து காலையிலேயே லென்ஸைத் துடைக்கப் பழைய பனியன் துணி ஒன்றைத் துவைத்து, மடித்து என் பையில் வைத்திருந்தார்.

பதினாலாம் நம்பரில் வெட்டிய குச்சிகள் எல்லாம் துளிர்த்து இடுப்பைத் தொட வந்திருந்தன. சோத்துப்பாறையின் வயிறு மறைய ஆரம்பித்திருந்தது. எதிர்க்கரையில், பதிமூன்றாம் நம்பரில், எங்கள் ஆட்கள் வரிசையாகக் கத்தரியோடு கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சாந்தம்மாள் கத்தினாள்.

"ஏட்டி, தொரசாணி! நல்லா எடு. எம் மூஞ்சியும் விழட்டும், மூடி மட்டும் போதாது!"

ஜிபின் சாரின் பைக் மேலே ரோட்டில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார், கழுத்தில் இருந்ததைப் பார்த்தார்.

"சஸ்பென்ஷன்ல இருக்கேன் சார்" என்றேன்.

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

முதல் இரண்டு நாள் வெறும் புதர்ச்சிட்டுகள்தான். மூன்றாம் நாள், சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஓடைமேல் தாழப் பறந்து வந்து பாறை உச்சியில் இறங்கியது இந்த வருஷத்து வாலாட்டி. அதே மஞ்சள் வயிறு, அதே நிற்காத வால். வழக்கமாக நான் பறவையையும் பாறையையும் மட்டும் கிட்டத்தில் இழுத்து, பின்னால் இருப்பதை எல்லாம் வெட்டிவிடுவேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்கப் பழகிய பழக்கம் அது. அன்றைக்கு நாலு எட்டுப் பின்னால் போனேன். பாறை, பாறைமேல் வாலாட்டி, அதற்குப் பின்னால் எதிர்ச்சரிவு முழுக்கத் தலையில் துண்டு கட்டிய முப்பது பெண்கள், கையில் கத்தரி, முதுகில் கொழுந்துச் சாக்கு, நடுவில் வாயெல்லாம் பல்லாகச் சாந்தம்மாள். வால் நிற்கிறவரை காத்திருந்து அமுக்கினேன்.

கார்டை இனி அழிக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் படத்துக்கு அந்தச் சாட்சி தேவையும் இல்லை. இதை ஞாயிற்றுக்கிழமை எடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது.